குமரியில் நல்ல இறைச்சி வாங்க: கடைப் பெயரைவிட நேரமும் கணக்கும் முக்கியம்

நாகர்கோவில் பக்கம் புதிதாகக் குடிவந்த குடும்பம். வாரம் ஒரு கிலோ ஆட்டுக்கறி, ஒரு கோழி, மாதம் ஒன்றிரண்டு முறை மாட்டிறைச்சி. ஏமாறாமல் எங்கே வாங்கலாம் என்பது கேள்வி. கடைப் பெயர் சொல்வதில் பெரிய பயன் இல்லை. வெட்டுகிற ஆள் மாறினால் கடையே மாறிவிடும். எந்த ஊரில் எதைத் தேட வேண்டும், எத்தனை மணிக்குப் போக வேண்டும், பலகையில் எழுதிய விலையை உண்மை விலையாக மாற்றிப் பார்ப்பது எப்படி என்பது தெரிந்தால், கடையை நீங்களே கண்டுபிடித்துவிடலாம். கீழே வரும் ரூபாய்க் கணக்குகள் வழிமுறை புரிவதற்கு மட்டும். அன்றைய விலையை அதில் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் ஊர். எந்த இறைச்சியை எந்த ஊரார் அதிகம் சாப்பிடுகிறார்களோ அங்கேதான் அது வேகமாக விற்கும், வேகமாக விற்கிற இடத்தில்தான் பழையது தங்காது. ஆட்டுக்கு நாகர்கோவிலுக்குள்ளேயே போதும்: வடசேரி, கோட்டார் சந்தைகளை ஒட்டிய தெருக்கள். மாட்டிறைச்சிக்கு இடலாக்குடி, திருவிதாங்கோடு, தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை என்று தேடுங்கள். வீட்டில் வளர்த்த கோழிக்கு மேற்கேயும் வடக்கேயும் போக வேண்டும்: திங்கள்சந்தை, கருங்கல், குலசேகரம், அருமனை. கன்னியாகுமரி டவுனில் சுற்றுலாக் கூட்டத்தை நம்பி நடக்கிற கடைகளில் வாரம்தோறும் வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை; வாடிக்கையாளர் திரும்பி வரவேண்டிய கட்டாயம் அந்தக் கடைக்கு இல்லை.

கடையைத் தேர்ந்தெடுக்க ஒரு கேள்வி கேட்டால் போதும்: "இன்னைக்கு எத்தனை ஆடு?" நாலைந்து ஆடு அறுத்துப் பதினோரு மணிக்குள் முடிக்கிற கடையில் நேற்றைய கறி கலக்க வழியில்லை. ஒரே ஆட்டை மூன்று நாள் ஓட்டுகிற கடையில் கிலோவுக்கு ஐம்பது ரூபாய் குறைவாக இருந்தாலும் அது லாபம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை எல்லாக் கடையிலும் புதுக்கறிதான், ஆனால் கூட்டத்தில் நீங்கள் கேட்ட துண்டு கிடைக்காது. கழுத்தும் சவ்வும் கலந்து தட்டில் விழும். சனிக்கிழமை மாலையே சொல்லிவைத்து, ஞாயிறு காலை ஆறரைக்குள் போய் வெட்டச் சொல்லி வாங்குவது நல்லது. வார நாளில் தேவைப்பட்டால் ஓட்டல்களுக்குக் கறி கொடுக்கிற கடைக்குப் போங்கள். அங்கே தினமும் அறுப்பு உண்டு.

இனி ஆட்டுக்கறி. குமரிக்கு வரும் ஆடுகளில் பெரும்பகுதி நெல்லை, தூத்துக்குடிப் பக்கத்து ஆடுகள். மேலப்பாளையம் செவ்வாய்ச் சந்தையிலும் எட்டயபுரம் சனிச் சந்தையிலும் விலை ஏறினால் சில நாளில் இங்கே பலகை மாறும். கடைக்காரர் "சந்தையில விலை கூடிப்போச்சு" என்பது பெரும்பாலும் பொய்யில்லை. பொய் வேறு இடத்தில் இருக்கிறது: செம்மறியை வெள்ளாடு என்று விற்பதில். செம்மறிக்கறியில் குற்றம் ஒன்றும் கிடையாது. செம்மறி விலைக்கு விற்றால் சரி. தொங்குகிற உடலில் வால் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வெள்ளாட்டு வால் குட்டையாக மேல்நோக்கி இருக்கும், செம்மறி வால் கீழே தொங்கும். வாலை வெட்டி எடுத்துவிட்டிருந்தால் கொழுப்பைப் பாருங்கள். செம்மறிக்கு முதுகிலும் தொடையின் மேலும் வெள்ளையாக, மெழுகுபோல் கெட்டியான கொழுப்பு படர்ந்திருக்கும். வெள்ளாட்டுக்குத் தோலடிக் கொழுப்பு குறைவு. இருப்பதெல்லாம் வயிற்றுக்குள், சிறுநீரகத்தைச் சுற்றி.

வயதுதான் சுவையையும் வேகும் நேரத்தையும் முடிவு செய்கிறது. விலா எலும்பு மெலிந்து, உருண்டு, சிவப்போடியிருந்தால் இளசு. அகன்று தட்டையாக வெள்ளையாக இருந்தால் முற்றல். முதுகெலும்பை வெட்டிய இடத்தில் எலும்பு சிவந்து நுண்துளையோடு, ஓரத்தில் மெத்தென்ற குருத்தெலும்போடு இருக்க வேண்டும். இன்னொரு எளிய அளவு: முழுப் பின்தொடையைத் தராசில் வைக்கச் சொல்லுங்கள். ஒன்றேகால் முதல் ஒன்றேமுக்கால் கிலோ என்றால் நல்ல பருவம். இரண்டரை கிலோவைத் தாண்டினால் குக்கர் விசில் கூடும். காயடிக்காத பெரிய கிடாயின் கறியில் ஒரு வீச்சம் இருக்கும், மசாலாவில் அடங்காது. கறியில் மூக்கை வைத்தாலே தெரியும். கூச்சப்படாமல் முகர்ந்து பாருங்கள்.

கெட்டுப்போக ஆரம்பிப்பது சில சமயம் வெளியில் தெரியாது, எலும்பை ஒட்டி உள்ளேயும் தொடங்கும். தொடை மூட்டுப் பக்கம் கத்தியைச் செருகி எடுத்து முகரச் சொன்னால் நல்ல கடைக்காரர் கோபப்பட மாட்டார். விரலால் அழுத்தினால் குழி உடனே எழும்ப வேண்டும். பிசுபிசுப்பு, பச்சை நிறச் சாயல், ஈரத்துணி போர்த்தி வைத்த கறி, இவை மூன்றும் வேண்டாம். சிவப்பு பல்பு எரிகிற கண்ணாடிப் பெட்டியில் எல்லாமே சிவப்பாகத்தான் தெரியும். வாசலுக்கு எடுத்துவந்து காட்டச் சொல்லுங்கள். ஈரல் வாங்கும்போது ஓரம் கூர்மையாக, மேல்பரப்பு வழவழப்பாக, ஒரே நிறமாக இருக்க வேண்டும். குழாய்கள் தடித்துக் கயிறுபோல் தெரிந்தால் தட்டைப்புழு. நீர் நிறைந்த கொப்புளங்கள் இருந்தாலும் அந்த ஈரல் வேண்டாம்.

"புதுக்கறி வாங்கியும் வேகவே இல்லை" என்ற குறை அடிக்கடி கேட்கிறது. காரணம் பெரும்பாலும் நேரம். அறுத்த சூட்டோடு வாங்கி உடனே அடுப்பேற்றினால் மெத்தென்று வேகும். அதன்பின் சில மணி நேரத்தில் தசை விறைத்துக்கொள்ளும்; அந்த நிலையில் சமைத்தால் ரப்பர் மாதிரி இழுக்கும். ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் 12 முதல் 24 மணி நேரம் வைத்தால் விறைப்பு விட்டு மறுபடி மிருதுவாகும். ஆகவே காலை ஆறுக்கு அறுத்ததை எட்டுக்குள் சமையுங்கள், இல்லையேல் மறுநாள் சமையுங்கள். சூடு தணியாத கறியை நேராக ஃப்ரீசரில் தள்ளுவது மிக மோசம். விறைக்கும் முன்பே உறைந்துபோய், பனி உருகும்போது இன்னும் மோசமாக இறுகும்.

உயிர் ஆடாக வாங்குவது லாபமா என்றால், நாலு வீட்டார் சேர்ந்தால் லாபம், தனியாக என்றால் பெரும்பாலும் இல்லை. 20 கிலோ ஆட்டில் எலும்போடு கறி 45 முதல் 48 சதவீதம், அதாவது 9 கிலோவுக்குச் சற்று மேல்தான் வரும். உயிர் எடை கிலோ 400 என்றால் ஆடு 8,000; அறுப்புக்கூலி 500 சேர்த்தால் 8,500; கறி கிலோவுக்கு 920 ரூபாய்க்குப் பக்கம். கடையில் 900 என்றால் கறியில் மட்டும் பார்த்தால் நஷ்டம்தான். தலை, நான்கு கால், ஈரல், குடல், ரத்தம் இவற்றை நான்கு வீட்டில் யாராவது விரும்பி எடுத்துக்கொண்டால் கணக்கு உங்கள் பக்கம் திரும்பும். குடலைச் சுத்தம் செய்ய ஆள் இல்லாத வீடுகள் இந்த வேலையில் இறங்க வேண்டாம்.

கோழிக்கு வருவோம். பிராய்லரில் கடைக்குக் கடை தரம் பெரிதாக வேறுபடாது, எல்லாம் 35 முதல் 42 நாளில் இரண்டு கிலோ வரும் அதே ஜாதிதான். வேறுபடுவது எடைக் கணக்கு. தமிழ்நாட்டில் பல்லடத்தில் அறிவிக்கிற பண்ணை விலை தினமும் மாறும், கடை விலை அதைப் பின்தொடரும். ஒரு கடையில் "உயிரோடு 130", பக்கத்துக் கடையில் "உரித்தது 200" என்று எழுதியிருப்பார்கள். முதலாவது மலிவு என்று தோன்றும். இரண்டு கிலோ கோழி 260 ரூபாய். தோலுரித்துச் சுத்தம் செய்தால் ஏறத்தாழ 1.3 கிலோ. கறி கிலோ 200 ரூபாய். இரண்டும் ஒன்றேதான். உயிர் விலையின் ஒன்றரை மடங்கு, அதற்குச் சற்று மேல் என்பது உரித்த கறியின் நியாய விலை என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தோலோடு என்றால் 1.4 மடங்கு. அதைவிடக் கூடுதலாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். ஈரலும் மண்ணைக்காயும் (இரையை அரைக்கும் பை) உங்களுடையவை. உயிர் எடை போட்டு வாங்கிய கோழியில் அவை காணாமல்போனால் அதுவும் விலையில் சேர்ந்ததுதான்.

கண்முன் உரித்துத் தருகிற கடையில்தான் வாங்க வேண்டும் என்பதற்கு வலுவான காரணம் ஏப்ரல், மே வெயில். நெருக்கி அடைத்த கூண்டில் லாரியில் வரும்போது கோழிகள் செத்துப்போகும். செத்த கோழியை அறுத்தால் ரத்தம் முழுதாக வடியாது: தோல் சிவந்தோ நீலம்பாரித்தோ இருக்கும், இறக்கையின் அடியில் நரம்புகளில் ரத்தம் உறைந்து கருப்பாகத் தெரியும், கழுத்து வெட்டு விரியாமல் ஒட்டியிருக்கும். முன்கூட்டியே உரித்துத் தண்ணீர் வாளியில் மிதக்கிற கோழியையும் தவிருங்கள். ஊறிய தண்ணீருக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறீர்கள். சட்டியில் போட்டதும் எண்ணெயே காணாத அளவுக்கு நீர் விடும். வறுவலுக்கு 1.8 முதல் 2.2 கிலோ உயிர் எடைக் கோழி போதும். மூன்று கிலோக் கோழியின் நெஞ்சுக்கறி நார்நாராக, விறைப்பாக வரும்.

நாட்டுக்கோழியில்தான் மோசடி அதிகம். மூன்று வகைச் சரக்கு அந்தப் பெயரில் விற்கிறது: முட்டையிட்டு முடிந்த பண்ணைக்கோழி; வனராஜா, கிரிராஜா போன்ற கலப்பினம்; நிறமுள்ள பிராய்லர். உயிரோடு பார்த்தால் கண்டுபிடிப்பது எளிது. முதலில் மூக்கு. முட்டைப் பண்ணைகளில் ஒன்றையொன்று கொத்தாமல் இருக்க மூக்கு நுனியை வெட்டிவிடுவார்கள். மொட்டை மூக்கோடு எந்தக் கோழியும் வீட்டுத் தோப்பில் வளர்ந்ததில்லை. அடுத்து கால்: மண்ணைக் கிளறிய கோழியின் நகம் தேய்ந்திருக்கும், கூண்டுக்கோழியின் நகம் நீண்டு வளைந்திருக்கும். நாட்டுக்கோழிக்கு நெஞ்செலும்பு விளிம்பு கையில் கத்திபோல் தட்டுப்படும், நெஞ்சில் பிராய்லர் சதை இருக்காது. அந்த எலும்பின் வால்பக்க நுனி வளைந்துகொடுத்தால் இளசு. இறுகியிருந்தால், சேவலுக்குக் காலில் முள் நீண்டிருந்தால், சூப்புக்கு மட்டும். எடை போடுமுன் கழுத்தடி இரைப்பையைத் தொட்டுப் பாருங்கள். தானியமும் தண்ணீரும் திணித்து நூறு, நூற்றைம்பது கிராம் கூட்டுவது சந்தையில் பழைய வித்தை. மூக்கொழுகும், கண் மூடும், பின்பக்கம் எச்சம் ஒட்டிய கோழி எந்த விலைக்கும் வேண்டாம்.

ரப்பர் தோட்டப் பகுதி வீடுகளில் வாங்குவதுதான் இதில் மிகச் சிறந்த வழி. வீட்டுப் பெண்கள் விற்பதை இடைத்தரகர் வாங்கிச் சந்தைக்குக் கொண்டுவருகிறார்; அந்த இடைவெளிக் காசை உங்கள் பைக்கும் அவர்கள் கைக்கும் பங்கிடலாம். மற்றபடி, முட்டை முடிந்த பண்ணைக்கோழியைக் கேவலமாக நினைக்க வேண்டியதில்லை. அதன் பெயரிலேயே மலிவாக விற்றால், குழம்புக்கு பிராய்லரைவிட ருசி. அரை மணி நேரம் கூடுதலாக வேகவைக்க வேண்டும், அவ்வளவுதான்.

மாட்டிறைச்சியைப் பற்றிப் பேசும்போது சட்டத்தைத் தெரிந்துகொள்வது சமையலுக்கே உதவும். 1958ஆம் ஆண்டின் தமிழ்நாடு விலங்குகள் பாதுகாப்புச் சட்டப்படி, பத்து வயதைக் கடந்து உழைப்புக்கும் இனவிருத்திக்கும் உதவாத மாடு, எருமைகளையோ, காயம், ஊனம், தீராத நோயால் நிரந்தரமாகப் பயனற்றுப்போனவற்றையோதான் சான்றிதழ் பெற்று அறுக்கலாம். ஆகவே முறையான கடையில் கிடைப்பது பெரும்பாலும் முதிர்ந்த மாட்டின் இறைச்சிதான். "இளங்கன்று, பஞ்சுபோல வேகும்" என்று யாராவது சொன்னால் ஒன்று அது உண்மையில்லை, அல்லது அது சட்டப்படி வந்ததில்லை. முதிர்ந்த இறைச்சி என்று தெரிந்தே வாங்கி, அதற்கேற்ற பகுதியைக் கேட்பதே புத்திசாலித்தனம்.

தேங்காய்க்கொத்து போட்டு வறுக்க முன்கைப்பகுதி: கொழுப்பும் சவ்வும் அளவாகக் கலந்திருக்கும், மெதுவாக வெந்தால் சவ்வு கரைந்து சாறாகும். தொடையின் சுத்தமான சிவப்புக்கறி பார்க்க அழகு, வறுவலில் வறண்டுவிடும். அதைத் தசைநார் ஓடும் திசைக்குக் குறுக்கே மெல்லியதாக வெட்டினால்தான் மெல்ல முடியும், இதை வெட்டுகிறவரிடம் சொல்லியே ஆக வேண்டும். மரச்சீனியோடு (மரவள்ளிக்கிழங்கு) சேர்த்து வேகவைக்க நெஞ்செலும்பும் விலாவும் வாங்குங்கள், விலையும் குறையும். போத்து (எருமை) இறைச்சியா மாட்டிறைச்சியா என்பதைக் கொழுப்பு நிறம் காட்டிக்கொடுக்கும்: எருமைக் கொழுப்பு வெள்ளை, மாட்டுக் கொழுப்பு மஞ்சளோடியது, எருமையின் சதை இன்னும் கருஞ்சிவப்பு. இரண்டும் நல்லதே, விலைதான் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

எலும்பு சேர்ந்ததா, இல்லாததா என்பதிலும் கணக்குப் போடுங்கள். எலும்போடு 400 ரூபாய், எலும்பில்லாமல் 480 என்று வைப்போம். கிலோவில் கால் கிலோ எலும்பு விழுந்தால் நீங்கள் 750 கிராம் சதைக்கு 400 கொடுக்கிறீர்கள், சதை கிலோ 533. வறுவலுக்கு எலும்பில்லாததே மலிவு. குழம்புக்கு அப்படியில்லை, எலும்பின் சாறுதான் அங்கே பாதி ருசி. வேகாத பிடிவாதமான இறைச்சிக்கு அரைத்த பச்சைப் பப்பாளிக்காய் கிலோவுக்கு ஒரு மேசைக்கரண்டி, அரை மணி நேரம். கூடினால் வெளிப்புறம் மாவாகி உள்ளே கல்லாகவே இருக்கும்.

பன்றி இறைச்சி விளவங்கோடு பக்கம் ஞாயிறுகளில் கிடைக்கும். பண்ணையில் வளர்த்த வெண்பன்றி என்று உறுதி செய்துகொள்ளுங்கள். சதைக்குள் அரிசிமணி அளவு வெண்கொப்புளம் தெரிந்தால் நாடாப்புழுவின் கூடு, அந்தக் கடைப்பக்கமே போக வேண்டாம். வான்கோழி, வாத்து கிறிஸ்துமஸ் சரக்கு. டிசம்பர் தொடக்கத்திலேயே சொல்லிவைத்தால்தான் விலை கட்டுக்குள் இருக்கும்.

இந்த மாவட்டத்தில் இறைச்சி விலையைக் கடலும் காலண்டரும் சேர்ந்து அசைக்கின்றன. விசைப்படகுத் தடைக்காலம் சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. மீன் வரத்து குறையும் அந்த மாதங்களில் கோழிக்கடையில் கூட்டம் கூடும். சாளையும் அயலையும் மலிந்து கிடக்கிற நாளில் கறிக்கடைக்காரர் சற்று இறங்கிப் பேசுவார். தவக்காலத்திலும் கார்த்திகை, மார்கழி விரத நாள்களிலும் பலகை விலை இறங்காவிட்டாலும் நல்ல துண்டாகக் கேட்டு வாங்க இடம் கிடைக்கும். கிறிஸ்துமஸ், ஈஸ்டர், பக்ரீத்துக்கு முந்தைய வாரம் பேரம் பேசிப் பலனில்லை. திருவள்ளுவர் நாள், வள்ளலார் நினைவு நாள், மகாவீர் ஜெயந்தி, காந்தி ஜெயந்தி ஆகிய நாள்களில் கடை அடைப்பு உண்டு. அன்று பின்வாசலில் விற்பது பெரும்பாலும் முந்தைய நாள் மிச்சம்.

தராசில் பாத்திரத்தை வைத்துச் சுழியம் ஆன பிறகு கறி போடச் சொல்லுங்கள். மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் அரசு முத்திரை வேண்டும். சந்தேகம் வந்தால் திறக்காத ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை அதில் வையுங்கள்: பாட்டிலோடு 1 கிலோவுக்குச் சில பத்து கிராம் மேலே காட்ட வேண்டும். அதைவிட நிறையக் காட்டினால் தராசு வாங்குகிறவருக்கு எதிராக ஓடுகிறது. கழிவு, கொழுப்பு, சவ்வு நீக்குவது எடைக்கு முன்னா பின்னா என்பதையும் வெட்டத் தொடங்குமுன் பேசிக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு எடுத்துவர மூடியுள்ள பாத்திரம் கொண்டுபோங்கள். கடையிலேயே கழுவித் தருவதாகச் சொன்னால் வேண்டாம். ஒரே வாளித் தண்ணீரில் குடலும் கறியும் அலசப்படும். வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது. ஃப்ரிட்ஜில் கோழியை இரண்டு நாளுக்குள், ஆடு, மாட்டை மூன்று நாளுக்குள் முடியுங்கள். மிஞ்சுவதை அரைக்கிலோப் பொட்டலமாகத் தட்டையாகப் பரப்பி, தேதி எழுதி ஃப்ரீசரில் வைத்தால் மூன்று மாதம் வரை நன்றாக இருக்கும். முந்தின இரவே கீழ்த்தட்டுக்கு மாற்றிப் பனி விட வையுங்கள். ஒருமுறை பனி விட்டதைத் திரும்ப உறையவைக்காமல் அன்றே சமைத்துவிடுங்கள்.